முற்றத்து மலையும் ஓடும் நீரும்



மணிமேகலைக் காப்பியத்திலே, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறிய வரலாற்றைக் கூறும் பகுதியில், சோழ மன்னன் தன் தேவியோடு சோலையில் உலாவும் காட்சி ஒன்று வருகின்றது. அந்தச் சோலையில் மரமும் கொடியும் மயிலும் குயிலும் மாத்திரமல்ல, மனிதன் தன் கையால் ஆக்கிய பொருள்களும் இருக்கின்றன. பொறியினால் நீர் தரும் கிணறு ஒன்று. கற்களை இட்டுச் சமைத்த குன்று ஒன்று. மேலிருந்து இறங்கி வந்து விழும் அருவி ஒன்று. ‘செய்குன்று’ என்ற சொல்லை நம் முன்னோர் ஆண்டனர் என்றால், மலையைத் தம் வீட்டு முற்றத்துக்கு அழைத்து வரும் ஆசை அவர்களுக்கும் இருந்தது என்பதே பொருள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண் குழந்தையின் பத்துப் பருவங்களில் இறுதி மூன்றாகச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றை வைத்தார்கள். மணல் வீட்டு விளையாட்டும், சிறு தேரை உருட்டுவதும் வளர்ச்சியின் படிகள் என்று அவர்கள் கண்டார்கள். பெரியதைச் சிறியதாகச் செய்து பார்க்கும்பொழுதுதான் குழந்தை பெரியதன் அமைப்பை அறியத் தொடங்குகின்றது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்தச் செய்குன்றையும் சிறுதேரையும் ஒன்றாக இணைத்தது போன்ற ஒரு கலை. மேனாட்டார் இதனைத் தோட்டப் புகையிரதம் என்பர். வீட்டுக்கு வெளியே, வெயிலும் மழையும் படும் திறந்த நிலத்தில், மலையும் பள்ளத்தாக்கும் அருவியும் ஓடையும் அமைத்து, அவற்றினூடே தண்டவாளமிட்டுச் சிறிய புகையிரதம் ஓட்டுவது இக்கலை. விளையாட்டு என்று தொடங்குவோர் பலர். ஆனால் அதனைச் சரியாகச் செய்ய முனைவோர் நில இயல், நீரியல், கட்டட வேலை, தோட்டக்கலை ஆகிய நான்கையும் ஒருங்கே கற்க நேரிடுகின்றது.

முதலில் இதன் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஜேர்மனியிலே விளையாட்டுப் பொருள் செய்து புகழ் பெற்ற மார்க்ளின் நிறுவனம் 1891ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில், ஒழுங்கான அளவுத் தண்டவாளங்களோடு கூடிய புகையிரதத் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. அதன் பின்னரே பொம்மைப் புகையிரதங்களுக்குப் பொதுவான பாதை அளவுகள் நிலைபெற்றன. இங்கிலாந்தில் பீக்கன்ஸ்ஃபீல்ட் என்னும் ஊரில் றோலண்ட் கலிங்காம் என்ற கணக்காளர் தம் தோட்டத்தில் ஒரு சின்னஞ்சிறு கிராமத்தையே அமைத்தார். அவருடைய நீச்சற் குளமே அக்கிராமத்தின் கடலாயிற்று. பாசெற்-லோக் என்ற புகழ் வாய்ந்த மாதிரிப் பொறியாளரின் உதவியோடு அங்கே புகையிரதப் பாதையும் போடப்பட்டது. பெக்கன்ஸ்கொற் என்னும் அந்தக் கிராமம் 1929இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் வருவாய் அறப்பணிகளுக்குப் போய்ச் சேர்ந்து வந்துள்ளது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952இல் திறக்கப்பட்ட மதுரோடாம் என்னும் சிற்றூரின் கதை நெஞ்சைத் தொடுவது. ஜோர்ஜ் மதுரோ என்ற இளைஞர் இரண்டாம் உலகப் போரில் தம் நாட்டுக்காகப் போரிட்டு, 1945இல் டாஹாவ் சிறைமுகாமில் உயிர் நீத்தார். அவருடைய பெற்றோர் தங்கள் மகனுக்குச் சிலை எழுப்பவில்லை. இந்தச் சிற்றூரை எழுப்புவதற்குப் பொருள் உதவினார்கள். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த அந்த வீடுகளுக்கும் கால்வாய்களுக்கும் இடையே சிறு புகையிரதங்கள் ஓடுகின்றன. குழந்தைகள் குனிந்து பார்த்து மகிழ்கின்றார்கள். இழப்பின் மேல் எழுந்த மகிழ்ச்சி அது.

பின்னர் 1968இல் ஜேர்மனியின் நூரம்பேர்க் நகரிலிருந்த லேமன் நிறுவனம், மழையிலும் பனியிலும் வெளியே கிடக்கக்கூடிய பித்தளைத் தண்டவாளங்களோடு எல்.ஜி.பி. என்ற பெயரில் ஒரு தொகுதியை வெளியிட்டது. பாதையின் அகலம் 45 மில்லிமீற்றர். அளவு இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. இதற்குப் பின்னர்தான் சாதாரணக் குடும்பத்தவர்களும் தங்கள் தோட்டத்தில் புகையிரதம் ஓட்டத் துணிந்தார்கள்.

இனி மலைக்கு வருவோம். இங்கே ஒரு கணக்கைக் கேளுங்கள். சுவிற்சர்லாந்தின் மலைகளில் ஒரு மீற்றர் அகலப் பாதையில் றேத்தியன் புகையிரதம் ஓடுகின்றது. அதில் லான்ட்வாசர் என்னும் பாலம் உலகப் புகழ் பெற்றது. 1901ஆம், 1902ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்ட அப்பாலத்துக்கு ஆறு வளைவுகள். உயரம் 65 மீற்றர். நீளம் 136 மீற்றர். வளைந்து செல்லும் அந்தப் பாலத்தின் ஒரு முனை செங்குத்தான பாறையிலுள்ள சுரங்கத்துக்குள் நேராக நுழைகின்றது. 2008இல் அப்பாதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தப் பாலத்தை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்தால் உயரம் ஏறக்குறைய 2.9 மீற்றர், நீளம் 6 மீற்றர் வரும். பெரிய தோட்டமுடையவர் அதனைக் கட்டிவிடலாம்.

ஆனால் அதே அளவில் அந்நாட்டின் மற்றர்ஹோண் சிகரத்தைச் செய்ய முனைந்தால் என்னாகும்? அதன் உயரம் 4,478 மீற்றர். இருபத்திரண்டரையால் வகுத்தால் 199 மீற்றர் வரும். அது முற்றத்தில் அடங்குமா? வண்டியைச் சிறிதாக்கலாம், பாலத்தைச் சிறிதாக்கலாம். மலையை அதே கணக்கில் சிறிதாக்க முடியாது. ஆகவே மலையை அளந்து செய்வதில்லை, உணர்த்திச் செய்கின்றோம். ஓவியன் முழுக் கடலையும் தீட்டுவதில்லை. நான்கு கோடுகளில் அலையைக் காட்டுகின்றான். அதுபோல ஒரு பாறைச் சரிவு, ஒரு கணவாய், சுரங்க வாயில் ஒன்று ஆகியவற்றைச் செவ்வையாக அமைத்தால், மிகுதி மலையைப் பார்ப்பவரின் மனமே கட்டிக்கொள்ளும்.

இங்கிலாந்திலே ஹென்லி நகரில், சேர் பிராங்க் கிறிஸ்ப் என்னும் செல்வந்தர் தம் மாளிகைத் தோட்டத்தில் மற்றர்ஹோண் சிகரத்தின் சிற்றுருவத்தை எழுப்பினார். சில ஆள் உயரமே கொண்ட அதனைக் காணப் பலர் வந்தனர். அக்காலத்தில் கற்றோட்டக் கலையில் பெரும் புலமை பெற்றிருந்த றெஜினோல்ட் பாரர் என்பவருக்கோ இத்தகைய வேடிக்கைகள் உவப்பாக இல்லை. இந்தப் பாரர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். 1908இல் நம் இலங்கைக்கு வந்து, பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்து, பௌத்தத்தைத் தழுவி, இந்நாட்டைப் பற்றி ஒரு நூலும் எழுதியவர். கற்களைக் கண்டபடி நட்டு வைப்போரை அவர் கடிந்தார். பலகாரத்தின் மேல் வாதுமைப் பருப்புக் குத்தியது போல இருக்கின்றது என்று நகைத்தார். அவர் கூறிய நெறியை இன்றைக்கும் தோட்டப் புகையிரதக்காரர் கடைப்பிடிக்கின்றனர்.

அந்த நெறியைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். மலைக்கு ஒரே வகைக் கல்லைப் பயன்படுத்துங்கள். கருங்கல்லும் முருகைக்கல்லும் செம்பூரான் கல்லும் கலந்தால் மலை தோன்றாது, கற்குவியலே தோன்றும். இயற்கையில் பாறைகள் படைபடையாக அமைந்திருக்கும். ஆதலின் எல்லாக் கல்லின் படைகளும் ஒரே திசையில் சிறிது சாய்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்கேனும் மண்ணுள் புதைந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் அது நிலத்திலிருந்து முளைத்தது போலத் தோன்றும். பெரிய கல் அடியில், சிறியது மேலே. கல்லின் பின்புறம் சிறிது தாழ்ந்திருந்தால் மழைநீர் மலைக்குள் இறங்கிச் செடிகளின் வேரை நனைக்கும்.

மண்ணைக் குவித்தவுடனே தண்டவாளம் போட விரைதல் கூடாது. 15 சென்ரிமீற்றருக்கு ஒரு படையாக மண்ணும் உடைகல்லும் இட்டு, நீர் தெளித்து, இடித்து இறுக்க வேண்டும். ஒரு மாரிகாலம் அதன் மேல் பெய்து கழியட்டும். இறங்க வேண்டியது இறங்கியபின் பாதை அமைத்தால் அது நிலைத்து நிற்கும். இயற்கைக் கல் கிடையாத இடத்தில், ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு முற்றா நிலக்கரித் தூள் சேர்த்துக் குழைத்துச் செயற்கைப் பாறை செய்வார்கள். நம் நாட்டில் அத்தூளுக்கு ஈடாகத் தென்னந் தும்புத்தூளைக் கொள்ளலாம். அது காலப்போக்கில் பாசி பிடித்து மெய்யான கல்லைப் போல ஆகிவிடும்.

மலை மேல் புகையிரதம் எவ்வாறு ஏறும்? நேர் ஏற்றத்தில் ஏறாது. 50 அடிக்கு ஒரு அடி என்ற ஏற்றம் சிறு வண்டிக்கு எளிது. 25 அடிக்கு ஒன்று என்பது எல்லை. நமது மலைநாட்டுப் பாதையே 44 அடிக்கு ஒன்றுக்கு மேல் ஏறுவதில்லை. ஆகவே வளைந்து சுற்றித்தான் உயரம் பெற வேண்டும். தெமோதரையில் பாதை நிலையத்தைக் கடந்து சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தினூடே செல்வதை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். அதே முறையை முற்றத்திலும் கையாளலாம். இரண்டரை மீற்றர் ஆரமுள்ள ஒரு வட்டத்தின் சுற்றளவு 15.7 மீற்றர். 50க்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் 31 சென்ரிமீற்றர் உயரம் கிடைக்கும். கீழே ஒரு வண்டி செல்ல, மேலே பாலம் அமைக்க, அவ்வுயரம் போதும். சுரங்கம் அமைப்போர் ஒன்றை மறத்தலாகாது: உள்ளே வண்டி கவிழ்ந்தால் இரு வாயிலிலிருந்தும் கை எட்ட வேண்டும். எட்டாத நீளமாயின், மேலே தூக்கக்கூடிய கல்மூடி ஒன்று வேண்டும்.

அடுத்து நீர். முற்றத்து ஓடையில் நீர் புதிதாக வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை. கீழே ஒரு குளம், மேலே ஒரு சுனை. கீழ்க் குளத்திலுள்ள மின்பம்பி நீரைக் குழாய் வழியே சுனைக்கு ஏற்றுகின்றது. சுனை நிரம்பி வழிந்து ஓடையாகி மீண்டும் குளத்தை அடைகின்றது. ஓடையின் முழு நீளத்துக்கும் அடியில் தடித்த இறப்பர் விரிப்பு வேண்டும். அதன் ஓரங்கள் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். ஓரத்தில் மண் சரிந்து நீரைத் தொடுமானால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அம்மண் இரவு பகலாக நீரை வெளியே உறிஞ்சிவிடும். விரிப்பில் ஓட்டை தேடி அலைவோர் பலருக்கு நோய் இந்த ஓரத்திலேதான் இருக்கும்.

குளத்தின் அளவையும் கணக்கிட வேண்டும். 6 மீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட ஓடை நிரம்புவதற்கு 90 லீற்றர் நீர் வேண்டும். ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள குளத்திலிருந்து அதனை எடுத்தால் நீர்மட்டம் 9 சென்ரிமீற்றர் இறங்கும். குளம் சிறிதாயின் பம்பி வறண்டு கெடும். ஓடையை ஒரே சரிவாக விடாது, படிப்படியான சிறு மடுக்களாக அமைத்தால், பம்பி நின்ற பின்னும் நீர் அங்கங்கே தங்கும். அருவியின் விளிம்பில் ஒவ்வொரு சென்ரிமீற்றர் அகலத்துக்கும் மணிக்கு ஏறத்தாழ 100 லீற்றர் நீர் வேண்டும். 15 சென்ரிமீற்றர் அகல அருவிக்கு 1,500 லீற்றர். பம்பி வாங்குவோர், சுனையின் உயரத்துக்கு ஏற்றும்பொழுது இவ்வளவு நீரை அது தருமா என்று பார்த்து வாங்க வேண்டும். உயரம் கூடக் கூட நீரின் அளவு குறையும்.

இங்கே இயற்கை நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் அரை வினாடிக்குள் நிலத்தை அடைகின்றது. இருபத்திரண்டரை மீற்றர் உயரத்திலிருந்து விழும் மெய்யான அருவிக்கோ இரண்டு வினாடிக்கு மேலாகும். உயரத்தை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகக் குறைத்தோம். நேரம் அவ்வாறு குறையாமல், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக நிற்கின்றது. நீர்த்துளியோ சிறிதும் குறைவதில்லை. மலைநாட்டு அருவியில் எத்துணையோ அத்துணையே முற்றத்திலும். கப்பலின் சிற்றுருவத்தைத் தொட்டியில் இழுத்துச் சோதித்த வில்லியம் புறூட் என்ற ஆங்கிலப் பொறியாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த உண்மையை ஆராய்ந்து விதி வகுத்தார். இதனால்தான் முற்றத்து அருவி அவசரப்பட்டு விழுவது போலத் தோன்றுகின்றது. இதற்குக் கைதேர்ந்தோர் காணும் வழி எளியது. நீரை ஒரே வீழ்ச்சியாக விடாது, சொரசொரப்பான கற்படிகளின் மேல் மெல்லிய படலமாக வழியவிடுகின்றார்கள். படியில் பட்டுப் பட்டு இறங்கும் நீர் தாமதிக்கின்றது; வெண்ணுரை காட்டுகின்றது; தொலைவிலுள்ள பேரருவியின் தோற்றத்தைத் தருகின்றது.

செடிகளிலும் இதே விழிப்பு வேண்டும். ஒரு முழ உயரச் செடியானாலும் இலை அகன்றிருந்தால் அது மரமாகத் தோன்றாது. பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பொம்மையாக்கிவிடும். மிகச் சிற்றிலையுள்ள செடிகளையும், கத்தரித்துக் குறுக்கிய புதர்களையும், பாசியையுமே நாடுதல் வேண்டும்.

காப்பு முறைகளையும் கூறாது விடலாகாது. தண்டவாளத்தில் ஓடும் மின்சாரம் 24 வோல்ற்றுக்கு மேற்படுவதில்லை, அதனால் தீங்கில்லை. ஆனால் பம்பி வீட்டு மின்சாரத்தில் இயங்குமாயின், மின்கசிவு ஏற்பட்ட கணமே இணைப்பைத் துண்டிக்கும் கருவி கட்டாயம் வேண்டும். தவழும் பிள்ளையுள்ள வீட்டில், சாண் ஆழ நீரும் ஆபத்தே. குளத்தின் மேல் உறுதியான கம்பி வலையிட்டு, அதன் மேல் கூழாங்கல் பரப்பிவிடுங்கள். நம் நாட்டுக்கு இன்னொரு கடமையும் உண்டு. ஓடும் நீரில் டெங்கு நுளம்பு பெருகாது. பம்பி நின்று தேங்கிய மடுவில் ஒரு வாரம் பத்து நாளில் பெருகிவிடும். ஆகவே நாள்தோறும் நீரை ஓடவிடுங்கள். குளத்தில் சிறு மீன்களை விடுங்கள். ஊரை விட்டுப் போகும் நாட்களில் மடுக்களை வடித்துவிடுங்கள்.

இவ்வளவு உழைப்பும் ஒரு பொம்மை வண்டிக்காகவா என்று நேயர்கள் கேட்கலாம். வண்டிக்காக மாத்திரம் அன்று. முற்றத்து மலையைக் கட்டும் பிள்ளை தன் கையாலே ஓர் உண்மையைக் கண்டறிகின்றான். மலைக்குள் இறங்கிய நீருக்கு வெளியேறும் வழி விடாவிட்டால், அந்த நீர் மலையையே தன்னோடு கொண்டு வந்துவிடும். பாதைக்கு மேற்புறத்தில் ஒரு வடிகால் வெட்டாதிருந்தால், ஒரு மாரி மழைக்குப் பின் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். மெய்யான மலைப் பாதைகளை அமைத்தவர்கள் பாலத்துக்குக் கொடுத்த கவனத்தை வடிகாலுக்கும் மதகுக்கும் கொடுத்ததன் காரணம் இதுவே.

2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்தின் மலைச்சரிவு பெயர்ந்து, தொழிலாளரின் லயன் வீடுகளை மூடியது. உழைத்து வாழ்ந்த நம் மக்கள் மண்ணுள் மறைந்தார்கள். சரிவும் மழையும் மண்ணும் ஒன்றையொன்று எவ்வாறு தாக்கும் என்பதை நம் பிள்ளைகள் புத்தகத்தில் வரிகளாக மாத்திரம் படித்து மனனம் செய்தால் போதுமா? நிலத்தில் தோன்றும் வெடிப்பைக் கண்டு, கலங்கி வரும் ஊற்றைக் கண்டு, இது ஆபத்தின் அறிகுறி என்று சொல்லக்கூடிய கண் அவர்களுக்கு வேண்டும். ஒரு முழ உயர மலையைக் கட்டி, அது மழையில் சரிவதைக் கண்டு, மீண்டும் வடிகால் வெட்டிக் கட்டியவனுக்கு அந்தக் கண் திறக்கும்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. விலையுயர்ந்த வண்டி வாங்க இயலாதோர் மலையையும் ஓடையையும் மாத்திரம் அமைக்கட்டும். பள்ளிக்கூட வளவின் ஒரு மூலையில், மாணவர் பத்துப் பேர், சில பொதி மண், சுற்றாடலிற் கிடைக்கும் கல், ஒரு வாளி நீர். தொடங்குவதற்கு இவை போதும். சிறுதேர் பின்னர் வரலாம். பெரியோர் அவர்களுக்குச் செய்ய வேண்டிய உதவி இரண்டு: கற்களைத் தூக்கிக் கொடுத்தல், மலை சரிந்த நாளில் கடிந்துகொள்ளாதிருத்தல்.

சோழ மன்னனின் சோலையில் நின்ற செய்குன்று இன்று இல்லை. அதனைச் செய்தவர் கைத்திறன் அழிந்து போகவேண்டும் என்பதில்லை. அது நம் பிள்ளைகளின் கைகளில் மீண்டும் வளரட்டும் என்று வேண்டி, இவ்வுரையை நிறைவு செய்கின்றேன்.